ஹாரன் அடித்தவர்கள்

சனிக்கிழமை காலைகளில் டோலிடோ நகரத்தின் அந்த மரச்சாமான் கடைக்கு முன்னாலுள்ள வாகன நிறுத்தம், கார்ப் பித்தர்களின் சபையாக மாறிவிடும். காகிதக் கோப்பைகளில் காபி, திறந்து வைத்த பானெட்டுகள், ஓயாத பேச்சு. சபைக்குத் தலைவன் வென்டல். ஐரோப்பாவில் சீறிப் பாயும் 'ரோவென் ஆர்' என்ற சின்ன ஹாட்ச்பேக்கை அமெரிக்காவுக்கு மட்டும் ஏன் மறுக்கிறார்கள் என்பதே, அது வந்து சேரும்வரை பல்லாண்டுகளாக அவனுடைய முழக்கமாக இருந்தது.

அன்று அவன் தன் புதிய வண்டியைக் கடையின் பின்புறம் விட்டுவிட்டு நடந்து வந்தான்.

"தலைவரே, சேதி தெரியுமா?" என்று டோபி பாய்ந்து வந்தான். "ரோவென் ஆரை அமெரிக்காவிலருந்து திரும்ப எடுத்துக்கிறாங்களாம். வந்து ஒரு வருஷம்கூட ஆகல. விக்கலையாம்!"

"அந்த நீலம் ஒரு நீலமா? எப்படி விக்கும்?" என்றார் ஒருவர்.

"நான் செகண்ட் ஹேண்ட்ல வரட்டும்னு இருந்தேன்."

"அதுக்கு எவனாவது முதல்ல புதுசா வாங்கணும்டா, அறிவாளி!"

சிரிப்பு எழுந்தது. "காரசாரமா ஒரு கண்டனம் எழுதுங்க தலைவரே. நம்மள மனுஷனாவே மதிக்கல அவனுங்க," என்றான் டோபி.

வென்டலுக்குச் சிரிப்பு வரவில்லை. சென்ற வசந்தத்தில் ரோவென் ஷோரூமின் விற்பனையாளர் மார்லா இதே இடத்தில் நின்று, "ரோவென் ஆரைத் தருவிச்சா நிஜமாவே வாங்குவீங்களா? எங்க முதலாளி நம்ப மாட்டேங்கிறார்," என்று கேட்டது அவன் நினைவில் எழுந்தது. "வாங்குறவங்க எல்லாம் ஹாரன் அடிங்கடா!" என்று கூவி, முதல் ஹாரனை அடித்தவன் அவனே. வாகன நிறுத்தமே அதிர்ந்தது. அந்த ஓசையைக் கைப்பேசியில் பதிந்துகொண்டு போய் முதலாளிக்குக் கேட்கச் செய்துதான் அவள் ஆறு கார்களைத் தருவித்தாள். ஹாரன் அடித்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். ஆசை தீர ஓட்டிப் பார்த்தார்கள். சாவியைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

"கடைக்குப் பின்னாடி நிக்கிற பெரிய கறுப்பு வண்டி யாரோடது? சரக்கு லாரி உள்ள வரணும்."

கேட்டவள் மார்லா. மரச்சாமான் கடை ஊழியர்களின் ஆரஞ்சு நிற ஏப்ரனை அணிந்திருந்தாள்.

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வென்டல் மெல்லக் கையை உயர்த்தினான்.

"அட, தலைவரே! நீங்களும் யானை மாதிரி வண்டி வாங்கிட்டீங்களா?" என்றான் டோபி.

"மார்லா... நீங்க இங்க?"

"அந்த ஆறு காரும் தூசி படிஞ்சு நின்னுச்சு. வாங்க வச்சது நான்தானே? வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. இப்ப இங்கதான்."

"அந்தச் சின்னக் கார்ல பசங்களுக்கு இடம் பத்தல... அப்புறம் பனிக்காலம் வேற..."

"விளக்கமெல்லாம் வேணாம் வென்டல். வண்டிய எடுத்தாப் போதும்."

அவள் குரலில் கோபம் இல்லை. அதுவே அவனைக் குறுக வைத்தது.

"கண்டனம் எழுத வேணாம்டா," என்றான் வென்டல், தலை நிமிராமல். "இந்தத் தடவை அந்தக் காரை நமக்கு இல்லாம பண்ணுனது கம்பெனி இல்ல, நாமதான். வாங்க மனசில்லாத ஒண்ணுக்காக ஊரைக் கூட்டிக் கத்தினோம். நாம விளையாட்டாச் சொன்ன வார்த்தைய நம்பினவங்க பொழைப்பு போச்சு. செய்ய மாட்டோம்னா வாயைத் திறக்கவே கூடாது."

அவன் பின்புறம் சென்று வண்டியைக் கிளப்பினான். வழியை மறித்தபடி, வாடிக்கையாளர்கள் விட்டுப்போன தள்ளுவண்டிகளை ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டிருந்தாள் மார்லா. பழக்கத்தில் ஹாரனுக்குப் போன கையை அவன் மடியில் வைத்துக்கொண்டான். அவள் வேலை முடியும் வரை காத்திருந்தான்.