நேசையா ஓவர்சியரின் இரண்டாம் கல்யாணம்

பேட்டையில் தாஜ் முகம்மதுவின் தையல் கடையில் நேசையா தன் கல்யாணக் கோட்டைப் போட்டுப் பார்த்தபோது, அது தோளிலிருந்து வழிந்து இறங்கியது. இடுப்புப் பக்கம் இரண்டு கையையும் உள்ளே விடலாம் போலிருந்தது. அளவு எடுத்து ஐந்தாறு வாரம்கூட ஆகவில்லை. தாஜ் முகம்மது முதலில் தன்மேலேயே சந்தேகப்பட்டு, நாடாவை எடுத்து இன்னொரு தரம் சுற்றிப் பார்த்தார். பிறகு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"அளவுல குத்தமில்ல அண்ணாச்சி. நீங்கதான் பாதி ஆளாப் போயிட்டீய. கோட்டை நான் பிடிச்சுத் தந்துருதேன். மொதல்ல ஒரு டாக்டரைப் போய்ப் பாருங்க."

நேசையாவுக்கு நாற்பத்திரண்டு வயது. பாளையங்கால்வாயில் ஓவர்சியர் வேலை. கோபாலசமுத்திரத்திலிருந்து முன்னீர்ப்பள்ளம் வரைக்கும் கரையும் மடையும் அவர் பொறுப்பு. முதல் மனைவி காலராவில் போய் ஏழு வருஷம் ஆகிவிட்டது, பிள்ளைகள் இல்லை. இனி ஒண்டியாகவே காலத்தை ஓட்டிவிடலாம் என்று இருந்தவருக்கு, பாளையங்கோட்டைப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையலும் கணக்கும் சொல்லிக்கொடுக்கிற பியூலாவைப் பேசி முடித்திருந்தார்கள். அவளுக்கு முப்பத்தாறு வயது. தாய் தகப்பன் இல்லை. கோர்ட்டில் குமாஸ்தாவாக இருக்கும் அண்ணன் வேதநாயகத்தின் வீட்டில் இருந்தாள். முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் கோவிலில் முதல் ஓலை வாசித்தார்கள். இன்னும் இரண்டு ஞாயிறு இதே போல இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் என்று வாசித்து, யாரும் தடை சொல்லவில்லையென்றால் கல்யாணம்.

உடம்பு சரியில்லை என்பது நேசையாவுக்குத் தெரியாமல் இல்லை. ஒரு செம்புத் தண்ணீர் குடித்தால் அடுத்த செம்பு கேட்கிறது. ராத்திரியில் நாலைந்து தரம் எழுந்து வெளியே போகவேண்டியிருக்கிறது. சாப்பிடச் சாப்பிடப் பசிக்கிறது, சதை மட்டும் ஒட்டவில்லை. எல்லாம் வெயிலில் கரை நெடுக நடக்கிற சூடு என்று நினைத்து, எண்ணெய் தேய்த்துக் குளித்துப் பார்த்திருந்தார். தையல்காரர் சொன்ன பிறகு அந்தச் சமாதானம் நிற்கவில்லை. மறுநாளே பாளையங்கோட்டைக்குப் போய் டாக்டர் பரமசிவன் பிள்ளையைப் பார்த்தார்.

பரமசிவன் பிள்ளை சென்னைப் பட்டணத்தில் படித்துவிட்டு வந்து சொந்தமாக ஒரு டிஸ்பென்சரி வைத்திருந்தார். ஜெர்மன் சண்டை வந்ததிலிருந்து மருந்துப் புட்டிகள் ஒழுங்காகக் கப்பலேறி வருவதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டே, மயில்துத்தம் கலந்த நீல மருந்தில் நேசையாவின் சிறுநீரை ஊற்றி விளக்கில் காய்ச்சினார். நீலம் கலங்கிப் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் பொடியைக் கரைத்த மாதிரி ஆயிற்று. டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

இது நீரிழிவு, சிறுநீரில் சர்க்கரை இறங்குகிறது, அதுதான் நீலம் இப்படிச் சிவந்தது என்றார். இதில் இரண்டு விதம் உண்டு. தொந்தியும் தொப்பையுமாக உள்ளவர்களுக்கு வருகிறது ஒன்று. அவர்கள் வாயைக் கட்டினால் வெகுகாலம் இருப்பார்கள். மற்றது ஆளை உருக்குகிற வகை. அது பெரும்பாலும் சின்ன வயதுக்காரர்களுக்குத்தான் வரும், நேசையாவுக்கு என்னவோ இந்த வயதில் வந்திருக்கிறது. அமெரிக்காவில் ஒரு வழி கண்டுபிடித்து எழுதியிருக்கிறார்கள். சர்க்கரை நிற்கிறவரை பட்டினி போட்டு, பிறகு கீரையும் முட்டையுமாகக் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்துப் பார்க்கிறார்கள். சோறு கிடையாது, கிழங்கு கிடையாது, கருப்பட்டி கிடையாது. குணமாக்குகிற மருந்து என்று உலகத்தில் எங்கும் இல்லை.

நேசையா எவ்வளவு காலம் என்று கேட்டார்.

"உம்மகிட்ட மறைக்கப்படாது வே. ஒழுங்கா இருந்தா ரெண்டு வருசம், மூணு வருசம். இல்லாட்டி அடுத்த ஆடியே பெரிசு."

வெளியே வந்து வண்டிப்பேட்டைப் பக்கம் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார் நேசையா. அழுகை வரவில்லை. வாய் மட்டும் வறண்டிருந்தது. தெருவில் போகிறவர்கள் எல்லாம் இதற்கு முன் அவர் கவனிக்காத அளவுக்குச் சதைப்பிடிப்பாகத் தெரிந்தார்கள். பியூலாவை நினைத்தபோதுதான் எழுந்திருக்கத் தோன்றியது. நேரே கோர்ட்டுக்குப் போய் வேதநாயகத்தை வெளியே அழைத்து, விஷயத்தைச் சொல்லி, குருவானவரிடம் சொல்லி ஓலையை நிறுத்திவிடும்படி கேட்டுக்கொண்டார். வேதநாயகம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. வருத்தத்தோடு கொஞ்சம் நிம்மதியும் அந்த முகத்தில் வந்து போனதை நேசையா பார்த்தார். தங்கச்சி உள்ளவனுக்கு அப்படித்தானே இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகாமல் இருந்துவிட நினைத்தவர், ஒளிந்துகொண்டான் என்று பேச்சு வரவேண்டாம் என்று போனார். பிரசங்கத்துக்கு முன் குருவானவர் ஓலைகளை எடுத்தார். யாரோ ஒருவருக்கு மூன்றாம் ஓலை வாசித்தார். அடுத்தபடியாக, நேசையா என்பவருக்கும் பியூலா என்பவளுக்கும் விவாகம் செய்ய நிச்சயித்திருப்பதாகவும் இது இரண்டாம் ஓலை என்றும் நிதானமாக வாசித்து முடித்தார். நேசையா பாதி எழுந்து, திரும்ப உட்கார்ந்தார். பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். பியூலா பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடிக்கொண்டிருந்தாள்.

ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே வந்தபோது, அவளே வாசல் புளியமரத்தடியில் நின்றாள். வேதநாயகம் சற்றுத் தள்ளி, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நிப்பாட்டச் சொன்னேம்லா, அண்ணன் சொல்லலையா?" என்றார் நேசையா.

"சொன்னாக. நாந்தான் நிப்பாட்ட வேண்டாம்னேன்."

"உங்களுக்கு வெவரம் தெரியாது."

"தெரியும். முந்தாநாள் நான் போய் டாக்டர்கிட்ட கேட்டுட்டு வந்தேன். என்ன குடுக்கணும், என்ன குடுக்கக்கூடாதுன்னு எல்லாம் கேட்டேன். நிப்பாட்டுறதா வேண்டாமான்னு எங்கிட்ட ஒருத்தரும் கேக்கலை."

பரிதாபத்தில் ஒருத்தி வந்து தனக்குக் கஞ்சி வைக்கவேண்டாம் என்று நேசையா சொன்னார். சொன்னது கொஞ்சம் கடுமையாகவே விழுந்துவிட்டது. பியூலா அதற்குக் கோபப்படவில்லை.

"பரிதாபம் இல்ல. எத்தனை வருசமா அண்ணன் வீட்டுல ஒரு மூலையில என் பெட்டி கிடக்கு. அண்ணி நல்லவதான், ஆனா அடுப்பு அவ அடுப்பு. கொஞ்ச காலம்னாலும் என் வீடுன்னு ஒண்ணுல இருக்கணும்னு நெனைக்கேன். உங்களோட இருக்கணும்னும் நெனைக்கேன். ரெண்டும் நெசந்தான்."

"அதுக்குப் பொறகு?"

"விதவை டீச்சரா இருப்பேன். இப்ப கல்யாணமாகாத டீச்சர். கணக்கு படிக்கிற பிள்ளைகளுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அவள் சிரிக்காமல் சொன்னாள். நேசையாவுக்குத்தான் சிரிப்பு வந்து, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் ஒரு நிபந்தனை சொன்னார். டாக்டர் சொன்னபடி முதலில் பட்டினி கிடந்து பார்க்கிறேன், அதற்கு உடம்பு இணங்கினால் கல்யாணம், இல்லாவிட்டால் நீங்கள் என்னை வற்புறுத்தக்கூடாது என்றார். அவள் சரி என்றாள்.

டிஸ்பென்சரியின் பின்னறையில் படுத்துப் பட்டினி கிடந்தார். சர்க்கரை இல்லாத கறுப்புக் காப்பியும் வெந்நீரும் மட்டும். முதல் நாள் எரிச்சல் வந்தது. டாக்டர்மேல், பக்கத்து வீட்டுத் தாளிப்பு வாசனைமேல், எல்லாவற்றின்மேலும் வந்தது. இரண்டாம் நாள் கரைகளைப் பற்றியே கனவு. அதற்கப்புறம் பசி என்பது அறையின் இன்னொரு மூலையில் இருக்கிற யாரோ ஒருவர் மாதிரி ஆகிவிட்டது. தாகம் தணிந்தது. ராத்திரி எழாமல் தூங்கினார். டாக்டர் தினமும் காய்ச்சிப் பார்த்தார். செங்கல் நிறம் மஞ்சளாயிற்று, மஞ்சள் பச்சையாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் நீலம் நீலமாகவே இருந்தது. டாக்டர் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நேசையாவுக்குக் காட்டினார். அன்று மத்தியானம் வேதநாயகம் வந்து, மூன்றாம் ஓலையும் வாசித்தாயிற்று மாப்பிள்ளை, ஒருத்தரும் தடை சொல்லவில்லை என்றார்.

கல்யாணத்துக்குத் தாஜ் முகம்மது பிடித்துக் கொடுத்த கோட்டு கச்சிதமாக இருந்தது. பந்தியில் எல்லாருக்கும் சோறும் ஆட்டுக்கறியும் பாயசமும் விழ, மாப்பிள்ளை இலையில் மட்டும் கீரையும் இரண்டு அவித்த முட்டையும் இருந்தன. நேசையாவின் பெரியம்மா சாரம்மாளுக்கு அது தாங்கவில்லை. கல்யாணத்தன்று இனிப்பைத் தள்ளக்கூடாது, ஒரு வாய் குடித்தால் ஒன்றும் செய்யாது என்று கிண்ணத்தோடு வந்து நின்றாள். நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பியூலா கையை நீட்டி, "இங்கன குடுங்க பெரியம்மா," என்று வாங்கி, தன் பாயசத்தைக் குடித்த பிறகு அதையும் நிதானமாகக் குடித்து முடித்தாள்.

கோபாலசமுத்திரத்தில் குடித்தனம் தொடங்கியது. பள்ளிக்கூடம் நடக்கிற நாட்களில் அவள் பாளையங்கோட்டையில் அண்ணன் வீட்டிலேயே தங்கி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டியில் வருவாள். டாக்டர் சொன்னபடி வாரத்தில் ஒரு நாள், வெள்ளி, அவருக்குப் பட்டினி நாள். சனிக்கிழமை அவள் கையால் சாப்பாடு. காயிலுள்ள சர்க்கரை போக, மூன்று தரம் தண்ணீர் மாற்றி வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். மீதி இருக்கிற சக்கையில் ருசி வரவைக்க மிளகும் பூண்டும் சுக்குமாக அவள் என்னென்னவோ செய்து பார்த்தாள். முதல் வாரத்தில் நேசையா, நீ உள்ளே போய்ச் சோறு தின்றுவிட்டு வா, நான் வெளியே உட்கார்ந்திருக்கிறேன் என்றார்.

"மாட்டேன். உங்க முன்னால உக்காந்துதான் திங்கேன். நான் ஒளிச்சுத் தின்ன ஆரம்பிச்சா நாளைக்கு நீங்களும் ஒளிப்பீய," என்றாள்.

அது முதலில் கொடுமையாகத்தான் இருந்தது. வெந்த அரிசி வாசனையில் அவருக்கு வாய் ஊறும். போகப் போக, எதிரே ஒருத்தி பசியாறச் சாப்பிடுவதைப் பார்ப்பதிலும் ஒரு திருப்தி இருப்பதைக் கண்டுகொண்டார்.

அந்த வருஷம் அறுவடையின்போது முன்னீர்ப்பள்ளத்தில் மடை பார்க்கப் போனார். களத்தில், அங்கே பயிர் வைத்திருந்த முத்துமாலை என்கிற சம்சாரி புது அரிசியில் கருப்பட்டி போட்டுப் பொங்கியிருந்தார். அவருக்கு நேசையாவின் சீக்கு பற்றி ஒன்றும் தெரியாது. மற்ற ஆட்களோடு அவருக்கும் ஓர் இலையைப் போட்டார். வேண்டாம் என்று சொல்லத்தான் நேசையா வாயைத் திறந்தார். ஆனால் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒரு மனிதர் அவரை நோயாளியாகப் பார்க்காமல் இலை போட்டிருந்தார். உட்கார்ந்தார். தின்றார். இன்னும் கொஞ்சம் என்று கேட்டு வாங்கியும் தின்றார்.

வீடு திரும்புவதற்குள் பழைய தாகம் வந்துவிட்டது. சனிக்கிழமையாதலால் பியூலா வீட்டில் இருந்தாள். சொல்லாமல் இருந்துவிடலாமா என்று கரை நெடுக யோசித்துக்கொண்டே வந்தவர், வாசலில் அவளைக் கண்டதும் சொல்லிவிட்டார். அவள் உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். திரும்பவும் பட்டினி, திரும்பவும் பின்னறை. நீலம் தெளிந்து வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று நாள் கழித்துத்தான், கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"ரெண்டாம் தரம் வாங்கினீயளா?"

"வாங்கினேன்."

அவள் கீரையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரும்பக் கீரையை எடுத்தாள். அதன் பிறகு அவர் ஒருபோதும் தவறவில்லை.

மறுவருஷம் நேசையா தன் சேமிப்பில் பாளையங்கோட்டையில் இரண்டு அறையுள்ள ஒரு ஓட்டு வீட்டை பியூலா பெயருக்கு வாங்கினார். கரையில் நடக்க முடிகிறவரை நடந்தார். முடியாமல் போனபோது மேலதிகாரி அவரைப் பாளையங்கோட்டை ஆபீஸில் உட்கார்ந்து கால்வாய்ப் படம் வரைகிற வேலைக்கு மாற்றிக் கொடுத்தார். தினமும் அவளோடு சேர்ந்து இருக்க முடிந்தது அப்போதுதான். ஊரெல்லாம் விஷக்காய்ச்சலில் கொத்துக்கொத்தாகப் போன வருஷத்தையும் அந்த மெலிந்த உடம்போடு தாண்டினார். தான் சொன்ன கணக்கை நேசையா மீறிவிட்டதாக டாக்டர் பரமசிவன் பிள்ளை பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

அதற்கடுத்த வருஷம் இருமல் பிடித்தது. இந்தச் சீக்குக்காரர்களின் நெஞ்சில் காசம் சுலபமாகக் குடியேறும் என்று டாக்டருக்குத் தெரியும். வந்து பார்த்துவிட்டு, பியூலாவை வாசலுக்கு அழைத்து, இனிமேல் பத்தியம் வேண்டாம், கேட்டதைக் கொடுங்கள் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவள் கேட்கவில்லை.

அன்று மத்தியானம் சோறு வடித்து, அயிரை மீன் குழம்பு வைத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிசைந்து கொடுத்தாள். நேசையா நாலு வாய் வாங்கினார். ரொம்ப நல்லா இருக்கு என்றார். இன்னொரு வாய் நீட்டியபோது பைய அவள் கையைத் தள்ளினார்.

"கீரை வைக்கலையா?"

"வச்சிருக்கேன். எனக்குத்தான்."

"அதுல கொஞ்சம் கொண்டா. அது இல்லாம சாப்பிட்ட மாதிரியே இல்ல."

அவள் போய்க் கீரையைக் கொண்டுவந்தாள். அதைத்தான் அவர் முழுவதும் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு, கால்வாயில் தண்ணீர் விட்டுவிட்டார்களா என்று கேட்டார். விட்டாயிற்று, காலையில் பாலத்தைத் தாண்டி வரும்போது பார்த்தேன், நுரையும் சருகுமாக வருகிறது என்றாள் பியூலா. முதல் தண்ணீர் அப்படித்தான் வரும், இரண்டு நாளில் தெளிந்துவிடும் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தூக்கம் வந்தது. அவள் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.