காலியாக இருந்த புகார்ப் பெட்டி

சூளகிரியில் நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் குழந்தைகள் இல்லத்துக்கு ஆடிட் வரப்போகிறது என்று தெரிந்ததிலிருந்து மாதேஸ்வரிக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஜன்னலைத் துடைத்தாள், பாத்திரத்தைத் தேய்த்தாள், துடைத்த ஜன்னலையே மறுபடி துடைத்தாள். அங்கிருந்த பதினெட்டுப் பிள்ளைகளுக்கும் சமைத்துப் போடுவது, தலை வாரிவிடுவது, ராத்திரி கூடவே படுத்துக்கொள்வது எல்லாம் அவள்தான்.

இல்லத்தை நடத்தும் நபீலா விஷயத்தை உடைத்தே சொல்லியிருந்தாள். தரச்சான்று கிடைத்தால் இல்லம் தொடரும். கிடைக்காவிட்டால் மூடிவிட்டு, பிள்ளைகளைச் சேலத்துக்கும் வேலூருக்குமாகப் பிரித்து அனுப்பிவிடுவார்கள். கேட்டதும் மாதேஸ்வரிக்கு முதலில் சுசித்ராதான் நினைவுக்கு வந்தாள். எட்டு வயது. வந்து ஏழு மாதமாகியும் வாய் திறந்து எதையும் கேட்டதில்லை. தட்டில் விழுந்ததைச் சாப்பிடுவாள், கொடுத்ததை உடுத்திக்கொள்வாள். இன்னொரு ஊரில் அந்தப் பிள்ளைக்கு எது வேண்டுமென்று யார் பார்த்துக் கொடுப்பார்கள்?

ஆடிட் என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஓசூரில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் ஆறு வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். ஆடிட்டர் வரும் நாளில் சூப்பர்வைசர் முதல் காரியமாக, கழித்துப்போட்ட உருப்படிகள் கிடக்கும் சிவப்புத் தட்டைப் பின்பக்கம் கொண்டுபோய் மறைக்கச் சொல்வார். தட்டே கண்ணில் படாவிட்டால் தவறே நடக்கவில்லை என்று அர்த்தமாம். ஆடிட்டரும் தலையாட்டிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார்.

இங்கே அந்தச் சிவப்புத் தட்டுக்குப் பதில், கூடத்துச் சுவரில் புகார்ப் பெட்டி. சாவி மாதேஸ்வரியிடம். சனிக்கிழமைதோறும் திறப்பாள், சீட்டுகளைப் படிப்பாள், தன்னால் ஆனதைச் சரிசெய்வாள். பெரும்பாலும் அவளைப் பற்றிய புகார்தான். வேலை போய்விடுமோ என்ற பயத்தில், நபீலா கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவாள். பிள்ளைகளின் கையெழுத்தைக் கிழித்துப்போட மனசு வராமல், சீட்டுகளை ராகி மாவுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்பாள். நபீலா பாவம், மாதாமாதம் பதிவேட்டில் 'புகார் எதுவும் இல்லை' என்று பெருமையாக எழுதிவந்தாள்.

சான்று வழங்கும் அமைப்பிலிருந்து சௌமியா வந்தாள். கட்டில்களை எண்ணினாள், குடிதண்ணீரைப் பார்த்தாள், பிள்ளைகளோடு தமிழிலும் கன்னடத்திலும் தனித்தனியாகப் பேசினாள். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. கடைசியில் புகார்ப் பெட்டியைத் திறந்தாள், பதிவேட்டைப் புரட்டினாள், முகம் மாறிவிட்டது.

“ரெண்டு வருஷமா பதினெட்டுப் பிள்ளைங்களுக்கு ஒரு குறையும் இல்லீங்களா? பயப்படற பிள்ளைங்க இருக்கற எடத்துலதான் பெட்டி இப்படிக் காலியா இருக்கும். இத நான் எப்படிங்க பாஸ் பண்றது?”

மாதேஸ்வரி விறுவிறுவென்று சமையலறைக்குப் போய் பிஸ்கட் டப்பாவோடு வந்தாள்.

“இதெல்லாம் என்னப் பத்தின புகாருங்க மேடம். நாந்தான் மறைச்சேன். என்னய வேணா வேலைய விட்டு நிறுத்திடுங்க. பிள்ளைங்கள மட்டும் பிரிச்சுடாதீங்க.”

சௌமியா சீட்டுகளை மேசையில் கொட்டினாள். களி கட்டி கட்டியாக இருக்கிறது. தலை வாரும்போது வலிக்கிறது. அக்கா குறட்டை விடுகிறார். ஒவ்வொன்றின் பின்பக்கமும் மாதேஸ்வரியின் கோணல் எழுத்து. இன்னும் நல்லா கிளறணும். எண்ணெய் வெச்சு வாரணும். குறட்டைச் சீட்டில், 'இனிமே கதவுகிட்ட படுத்துக்கறேன்' என்று இருந்தது. சௌமியா சிரிக்கக் கூடாது என்றுதான் பார்த்தாள், முடியவில்லை.

சிரித்து முடித்த கையோடு இருவரையும் நன்றாகத் திட்டவும் செய்தாள். யார் மேல் புகாரோ அவரிடமே சாவி இருக்கக் கூடாது, எல்லாச் சீட்டும் தேதியோடு பதிவேட்டில் ஏற வேண்டும், ஒரு மாதம் கழித்து மறுபடி வருவேன் என்றாள். சொன்னபடியே வந்தாள். அடுத்த மாதம் சான்றிதழும் வந்தது. நபீலா கூடத்தில் கேசரி விநியோகித்தாள். மாதேஸ்வரி வேலையிலேயே இருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை நபீலா பெட்டியைத் திறந்தபோது மூன்று சீட்டு இருந்தது. இரண்டு வழக்கம்போல் களியைப் பற்றி. மூன்றாவதில் பென்சிலை அழுத்தி அழுத்தி எழுதியிருந்தது: 'தோசை பத்தவில்லை. இன்னும் ரெண்டு வேண்டும். சுசித்ரா.'

மாதேஸ்வரி அதை வாங்கி இரண்டு தரம் படித்தாள். அழுகை வந்தது, மறைக்கவில்லை. நபீலா பதிவேட்டில் தேதி போட்டு, 'எடுத்த நடவடிக்கை' என்ற கட்டத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்க நிமிர்ந்தாள். எதிரில் ஆள் இல்லை. சமையலறையில் தோசைக்கல்லில் மாவு விழும் சத்தம் கேட்டது.