குமுதினியின் முதல் வருடம்

"அப்படி இல்ல அண்ணி. சும்மா திட்டுங்க. எப்பவும் திட்டுவீங்களே, அந்த மாதிரி."

"இன்னாத்துக்குத் திட்டணும்? நீ இன்னா தப்புப் பண்ண?"

"எதுனா வச்சுக்கங்க. போன்கூடப் பண்ணாம வந்து நின்னேன். அது போதாதா?"

"உன் அண்ணன் வூட்டுக்கு நீ வர்ற. அதுக்கு எவளாச்சும் திட்டுவாளா?"

"நீங்க திட்டுவீங்க."

"நானா!"

ஜானகி மடித்துக்கொண்டிருந்த போர்வையைக் கட்டிலில் போட்டுவிட்டு நாத்தனார் மம்தாவை ஏற இறங்கப் பார்த்தாள். பெங்களூரிலிருந்து காலை ரயிலில் வந்து தங்கவயலின் கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்கியவள், இன்னும் முகம்கூடக் கழுவவில்லை. டிவியில் தினம் எட்டு மணிக்கு வரும் பெண், ஊரே பேர் சொல்லிக் கூப்பிடும் பெண், இங்கே அழுக்குத் துப்பட்டாவோடு நின்று தன்னைத் திட்டச் சொல்லிக் கெஞ்சுகிறது. பாவமாக இருந்தது.

"சரி. எதுக்குன்னு தெரியல. கேக்குற, செய்யறேன்" என்று ஜானகி தொண்டையைச் செருமிக்கொண்டாள். முதுகை நிமிர்த்தினாள். "நான் ஒண்ணும் சொல்லல..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். மெதுவாகத் தலையை இடது பக்கம் திருப்பினாள். ஒரு புருவத்தை ஏற்றினாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, முந்தானையைப் பிடித்துப் படார் என்று ஓர் உதறு உதறினாள்.

மம்தா கண்ணை மூடிக்கொண்டாள். தலை திரும்பிய இடத்தில் ஜன்னலும் தண்ணீர் பில்டரும்தான் இருந்தன. படப்பிடிப்பில் அந்த இடத்தில்தான் மூன்றாவது கேமரா நிற்கும். இது அண்ணி இல்லை. குமுதினி. அதுவும் நான்காம் வருடத்துக் குமுதினி.

"நல்லா இருந்துச்சா?" என்றாள் ஜானகி.

குமுதினி கதாநாயகி இல்லை. அந்தக் கன்னட சீரியலில் கதாநாயகியைப் படுத்தும் மூத்த மருமகள். பதினைந்து நாள் வேலை என்றுதான் மம்தாவைக் கூப்பிட்டார்கள். சமையலறையில் நின்று முறைத்துவிட்டுக் கதையை விட்டுப் போய்விடவேண்டிய பாத்திரம். முதல் நாள், கேமராவுக்குப் பின்னாலிருந்து ஓர் உதவி இயக்குநர் வசனத்தைப் படிக்கப் படிக்கத் திருப்பிச் சொல்லவேண்டியிருந்தது. மற்ற வில்லிகள் செய்வதுபோல் கண்ணை உருட்ட மம்தாவுக்கு வரவில்லை. பயத்தில் வாய் உலர்ந்து நின்றபோது, எங்கிருந்தோ அண்ணி வந்து அவள் உடம்புக்குள் நின்றுகொண்டாள்.

அம்மா போன பிறகு அந்த வீட்டை எடுத்து நடத்தியவள் ஜானகி. அன்று மம்தாவுக்கு ஸ்கூல் யூனிபார்ம். ஜானகி ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. கொடியிலிருந்து எடுத்த துணியில், தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டு மண் படிந்திருக்கும். அதை உதறிக்கொண்டே ஒரு வாக்கியத்தைத் தொடங்குவாள். "நான் ஒண்ணும் சொல்லல. இருட்டினப்புறம் வூட்டுக்கு வர்ற பொண்ண ஊர்ல இன்னான்னு சொல்லுவாங்க..." அதோடு விட்டுவிடுவாள். துணி இன்னொரு தடவை உதறப்படும். அந்த அமைதியைத் தாங்க முடியாமல், மீதி வாக்கியத்தை மம்தாவே முடிப்பாள். அசிங்கமான சொல் அவள் வாயிலிருந்தே வந்து விழும். "நீயே சொல்லிட்ட" என்று அண்ணி துணியை மடித்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

குமுதினி அதையே கன்னடத்தில் சொன்னாள். "நீனே ஹேள்பிட்டெ." அந்த மாதமே அது ஆட்டோக்களின் பின்னால் ஏறிவிட்டது. பதினைந்து நாள் ஏழு வருடம் ஆனது.

ஏழு வருடத்தில் குமுதினி மெல்ல மெல்ல ஆளே மாறிப்போனாள். அந்தச் சின்ன அமைதிக்கு முதலில் ஓர் இசை போட்டார்கள். பிறகு இசைக்காக அமைதியை இழுத்தார்கள். பணக்கார வீட்டு மருமகள் எதற்குத் துணி மடிக்கிறாள் என்று சேனலில் யாரோ கேட்டார்கள். துணி போய்ப் பட்டு முந்தானை வந்தது. மண் இல்லாத முந்தானையை மம்தா வருடக்கணக்கில் உதறினாள். அப்புறம் குமுதினிக்குக் குழந்தை இறந்துபோனதாக ஒரு கதை. ஒரு வெள்ளிக்கிழமை, கதாநாயகி முன்னால் பாதியில் நிறுத்திய வாக்கியத்தை முடிக்காமல், மம்தா அந்தப் பெண்ணின் தலையைத் தொட்டாள். யூனிட்டே கைதட்டியது. அன்றிலிருந்து குமுதினி நல்லவள். பாத்திரம் என்னோடு சேர்ந்து வளர்கிறது என்று மம்தா பேட்டியெல்லாம் கொடுத்தாள். அதை நம்பவும் செய்தாள்.

போன வாரம் சேனலில் கதைக்குப் பொறுப்பான சரத் கூப்பிட்டான். கதை பத்து வருடம் தாவப்போகிறது. நல்ல குமுதினியை யாரும் பார்ப்பதில்லை. "பழைய குமுதினி வேணும் மேடம். ஃபர்ஸ்ட் இயர் குமுதினி. திங்கட்கிழமை டெஸ்ட் எடுத்துப் பாத்துரலாம். அது வரலன்னா..." என்று இழுத்தான்.

"வேற ஆள் போடுவீங்க" என்றாள் மம்தா.

"நீவே ஹேள்பிட்ரல்லா மேடம்!" என்று அவன் சிரித்தான்.

மம்தா தன் பழைய காட்சிகளைப் போனில் ஓட்டி, கண்ணாடி முன் நின்று செய்து பார்த்தாள். வரவில்லை. புருவம் தானாக ஏறியது, கழுத்து தானாகத் திரும்பியது. தடுத்தால் முகம் மரக்கட்டை ஆயிற்று. முதல் வருடம் அவள் தன்னைப் பார்த்துச் செய்யவில்லை, அண்ணியைப் பார்த்துச் செய்தாள். அப்படியானால் போய் அண்ணியைப் பார்த்தால் போதும் என்று ரயில் ஏறினாள். கிணறு அங்கேயே இருக்கும், வாளியை விட வேண்டியதுதான் என்று நினைத்தபடி, வழியெல்லாம் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கினாள்.

கிணற்றில் இருந்ததோ அவள் முகம்தான்.

கேட்டுப் பெற முடியாததைக் கோபப்படுத்திப் பெறலாம் என்று பார்த்தாள். ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டாள். அண்ணி எடுத்துக் காயப்போட்டாள். குழம்பில் உப்பில்லை என்றாள். "ஆமா, எனக்கும் அப்டித்தான் கீது" என்று அண்ணி உப்பு டப்பாவைக் கொண்டுவந்து வைத்தாள். மம்தாவுக்கு எரிச்சல் வந்தது. ஸ்கூல் நாட்களில் இதில் பாதி செய்திருந்தால் மூன்று நாள் வீட்டில் மூச்சு விட முடியாது. தேவைப்படும் நாளில் மனுஷி இப்படித் தங்கமாக இருந்தால் என்ன செய்வது?

"மார்க்கெட் போலாமா அண்ணி?" என்றாள். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் ஜானகியிடம் அழுகல் காயைத் தள்ளிவிட்டுத் தப்பித்தவர் கிடையாது.

அவரைக்காய் சீசன். குவியல் குவியலாகக் கிடந்தது. எல்வின் கடையில் மம்தா வேண்டுமென்றே பூச்சி விழுந்த காயாகப் பார்த்துப் பொறுக்கி அண்ணி கையில் கொடுத்தாள். ஜானகி ஒரு காயைப் பிரித்தாள். உள்ளே புழு நெளிந்தது. மம்தா மூச்சைப் பிடித்துக்கொண்டு அண்ணியின் வாயையே பார்த்தாள்.

"ஐயோ குமுதினியம்மா!" என்று எல்வின் ஓடிவந்தான். அவன் ஜானகியைத்தான் பார்த்துச் சொன்னான். "அத இன்னாத்துக்கு எடுத்தீங்க? உங்களுக்குன்னு தனியா வச்சுக்கீறேன். ஏ பொண்ணு, பைய நல்லா விரிச்சுப் புடி!" பொண்ணு என்றது மம்தாவை. மேக்கப் இல்லாத அவளை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

"டயலாக் ஒண்ணு சொல்லுங்கம்மா. இன்னும் போணியே ஆவல. நீங்க சொன்னா ராசி" என்றாள் பக்கத்துக் கடைக்காரி.

"சும்மா கீங்கம்மா, ரோட்ல போய்" என்று ஜானகி வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டுக்கொண்டே முதுகை நிமிர்த்தினாள். "நான் ஒண்ணும் சொல்லல..." தலை இடது பக்கம் திரும்பியது. புருவம் ஏறியது. முந்தானை படார் என்றது. மார்க்கெட்டின் அந்தப் பக்கம் முழுக்க ஒரே குரலில், "நீனே ஹேள்பிட்டெ!" என்று கத்திச் சிரித்தது.

மம்தா பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் ஜெயகரன் தொழிற்சாலையில் முதல் ஷிஃப்டை முடித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தான். தங்கையின் முகத்தைப் பார்த்தான்.

"இன்னா, மொகம் பேஜாராக் கீது?"

"உன் பொண்டாட்டி எப்ப இருந்து இப்படி?"

"எப்டி?"

"இதோ, இப்படி" என்று மம்தா புருவத்தை ஏற்றிக் கழுத்தைத் திருப்பினாள்.

ஜெயகரன் சோறு சிந்தச் சிரித்தான். "அதுவா! எட்டு மணிக்கு டிவில ஒரு குமுதினி, எட்டரைக்குக் கிச்சன்ல ஒரு குமுதினி. நான் இன்னாமா பண்றது? போன மாசம் டிவில நீ மோதிரத்தத் திருகினல்ல, மறுநாளே இவளும் திருகறா. மோதிரமே இல்ல, வெறும் வெரல!"

"சிரிக்காத அண்ணா!" மம்தாவின் குரல் உடைந்தது. அவள் அண்ணியின் பக்கம் திரும்பினாள். "நீங்க என்னை மாதிரிப் பண்றீங்க அண்ணி. நான் உங்களை மாதிரிப் பண்ணத்தான் வந்தேன். திங்கட்கிழமை அது வரலன்னா என் இடத்துல வேற ஒருத்தி நிப்பா. ஏழு வருஷம் போச்சு. இப்ப நான் யாரைப் பாத்துச் செய்யறது? இருந்த ஒரு ஆளும் டிவியைப் பாத்துக் கெட்டுப்போயிட்டீங்க!"

ஜெயகரன் தட்டை எடுத்துக்கொண்டு நைசாகக் கொல்லைப்பக்கம் போய்விட்டான்.

ஜானகி கோபப்படவில்லை. அவரைக்காய்ப் பையை இறக்கி வைத்தாள். "அப்ப மொதல்ல அது நான்தான்" என்றாள்.

"தெரியாத மாதிரிக் கேக்கறீங்க."

"தெரியும். எதிர்வூட்டு ஐடா, அது நீதான்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. மொத வருஷம் பூரா உன் சீரியலப் பாத்து அழுதுக்கிறேன் மம்தா. அம்மா இல்லாத பொண்ணு, யாரும் ஒரு வார்த்த சொல்லிறக் கூடாதுன்னு அடக்கி வச்சேன். அது உனக்கு இப்டித்தான் தெரிஞ்சிருக்குது, ஊருக்கெல்லாம் காட்டறியேன்னு. ஆனாலும் ஒரு நாள் விடாம பாத்தேன்."

"அண்ணி..."

"அப்புறம் ஒரு வெள்ளிக்கெழம அந்தப் பொண்ணு தலையத் தொட்ட பாரு. நான் இங்கதான் நின்னேன். ஷிஃப்டுல இருந்த உன் அண்ணனுக்குப் போன் பண்ணி, மம்தாவுக்கு எம்மேல இருந்த கோவம் போச்சுன்னு சொன்னேன். அவருக்கு ஒண்ணும் புரியல. அதுலருந்து நீ எப்டி மாத்தறியோ நானும் அப்டி மாத்திக்கினேன். நம்மள நல்லவளாக் காட்டுதே பொண்ணு, நாம அப்டி இருக்க வேணாமா?"

மம்தாவின் வாய் திறந்தது. குமுதினியை நல்லவளாக்கியது சரத்தும் இன்னும் நாலு பேரும். பெங்களூரில் ஓர் ஏசி அறையில், டிஆர்பி காகிதத்தை நடுவில் வைத்துக்கொண்டு முடிவு செய்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை அவள் அண்ணியை நினைக்கவேயில்லை. நினைத்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

"அது வந்து அண்ணி... சீரியல்னா... அது நானா..."

வாக்கியம் அதற்குமேல் நகரவில்லை.

"நீ மாத்தல" என்றாள் ஜானகி. "அவங்க மாத்தினாங்க."

மம்தா அந்த முகத்தைப் பார்த்தாள். புருவம் ஏறவில்லை, கழுத்து திரும்பவில்லை. வாயோரம் மட்டும் லேசாக இறுகியிருந்தது. அழுகை வரவேண்டிய நேரத்திலும் அவளுக்குள் இருந்த நடிகை விழித்துக்கொண்டு, அந்த வாயோரத்தை எடுத்துப் பத்திரப்படுத்தியது. தன்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது. வெறுத்துக்கொண்டே பார்த்தாள்.

ஜானகி அதையும் கவனித்தாள். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, டிவிக்கு முன்னால் உட்காருகிறவளைப்போல, கைகளை மடியில் வைத்துக்கொண்டு மம்தாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"நெசமா சொல்றேன், எனக்கு மறந்தே போச்சு" என்றாள். "கண்ணாடில பாத்தாலும் உன் மூஞ்சிதான் வருது. கல்யாணமாகி இந்த வூட்டுக்கு வந்தப்ப நான் எப்டி நின்னேன், எப்டிப் பேசினேன், உங்கிட்ட நெசமாவே அவ்ளோ பொல்லாதவளா இருந்தேனா? உனக்குத்தான் தெரியும். வேற யாரைப் போய்க் கேப்பேன்? நீ இன்னா பண்ணாலும் பேஜாராவ மாட்டேன். ஒரு தபா, இங்கயே, என்னை நடிச்சுக் காட்டு மம்தா."