எண்ணாத நண்டு வளைகள்

ஏழு பக்கங்களை என் மேசைமேல் பரப்பிவிட்டு, நான்காம் பக்கத்தில் ஓர் எண்ணின்மீது சுட்டுவிரலை ஊன்றியபடி நின்றாள் நேசபாய். விரலை எடுத்தால் எண் எழுந்து ஓடிவிடும் என்பதுபோல அழுத்திப் பிடித்திருந்தாள்.

"இது என்ன அண்ணாச்சி?"

"ரெண்டாயிரத்து நூத்தி இருவது."

"நான் எழுதித் தந்தது இருநூத்திப் பன்னெண்டுல்லா?"

அப்போது நான் நாகர்கோவிலில் முத்துநாயகம் வக்கீலிடம் குமாஸ்தா. என் டைப்ரைட்டர் அதிர்வில் கோர்ட்டுக் கூரையில் ஓடுகள் நகர்ந்தன என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்லி வருகிறேன். நகர்ந்தது ஒரே ஓடு, அதுவும் குரங்கின் கைங்கரியம். கட்சிக்காரன் ஓர் அறை வாங்கிக்கொண்டு வந்தால், மனுவில் அது கம்பாலும் கல்லாலும் விழுந்த இருபது அடியாகிவிடும். ஒரு குலை இளநீர் களவு போனால் தோப்பையே மொட்டையாக்கிவிடுவேன். எதிர்த்தரப்பு அதில் பாதியை வெட்டும், நீதிபதி மீதியில் பாதியை வெட்டுவார், கடைசியில் நிற்பது ஏறக்குறைய நடந்ததாக இருக்கும். தொழில் முறை அப்படி. எந்தக் காகிதமும் கொஞ்சம் சதை போடாமல் என் மேசையைவிட்டு இறங்கியதில்லை.

நேசபாய்க்கு இருபத்தாறு வயது. கல்லூரியில் விலங்கியல் பிரிவில் மாணவர்களுக்குத் தவளை அறுத்துக் காட்டும் வேலை. முப்பது வயதுக்கு உட்பட்ட ஆராய்ச்சியாளர்களுக்கென்று சென்னையில் ஒரு விஞ்ஞானச் சங்கம் கட்டுரைப் போட்டி அறிவித்திருந்தது. வென்றவருக்கு அங்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இரண்டு வருடம் இடம். ஜூனுக்குள் அது கிடைக்காவிட்டால் மார்த்தாண்டத்து மாப்பிள்ளைதான் என்று அவள் அண்ணன் தவணை வைத்திருந்தார். மாப்பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். அவர் வாய் திறந்தால் ஒரு பஸ் தவறிவிடும்.

கட்டுரை, வயல் நண்டைப் பற்றியது. நாஞ்சில் நாட்டில் வரப்பு உடைந்து தண்ணீர் வடிந்தால் பழி நண்டின் தலையில்தான் விழும். இவள் ஒரு கும்பப்பூ சாகுபடி முழுக்கச் சுசீந்திரத்து வரப்புகளில் மண்டியிட்டு, ஒவ்வொரு வளையிலும் கையை விட்டு ஆழம் பார்த்து, சலவை நீலம் கரைத்த தண்ணீரை ஊற்றி, மறுபக்கம் நீலம் வருகிறதா என்று காத்திருந்தாள். அறுப்புக்காரிகள் சிரித்துச் சிரித்துக் கதிர் சிந்தினார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு வளைகளில் நீலம் வெளியே வந்தது ஒன்பதில் மட்டும். மற்றவையெல்லாம் உள்ளே போய் முட்டி நிற்கிற வளைகள். வரப்பைத் துளைத்தவை எலிகள். டைப் அடிக்கும்போதே எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. இவ்வளவு சுத்தமான நிரபராதி என் தொழிலில் அதுவரை வந்ததில்லை. இப்பேர்ப்பட்ட வழக்குக்கு இருநூறு சாட்சி போதுமா? ஒரு சைபரைச் சேர்த்தேன். பத்திரத்தில் அடிப்பதுபோல அதை எழுத்தாலும் அடித்தேன். சதவீதத்தையும் நானே திருத்தினேன். ஐந்து பக்கங்களில்.

"மெட்ராஸ்காரன் வந்து நம்ம வரப்புல குனிஞ்சு எண்ணவா போறான், பிள்ளே?"

"வரமாட்டான். ஆனா பாக்கி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டுலயும் நான் கைய விடல்லியே."

"விட்டா நண்டு கடிக்கும், வேற என்ன கிடைக்கும்?"

அவள் வலது கையை விரித்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். விரல்களில் அரிசி அரிசியாக வெள்ளைத் தழும்புகள். டைப்ரைட்டரில் புதுத் தாளைச் செருகினேன்.

போட்டி விதி கடுமையானது. அடித்தல் திருத்தல் உள்ள கட்டுரை பரிசீலிக்கப்படாது. மூன்று பிரதிகள் வேண்டும். அன்றே அனுப்பியாக வேண்டும், தபால் போகும் பஸ் நாலரைக்கு. மணி மூன்றே முக்கால். நான் அடித்த அடியில் மேசைக்கால் தரையில் நாலு விரல் இறங்கியிருக்கும். அவள் கார்பன் தாளை அடுக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். நாலேகாலுக்கு மூன்று பக்கங்கள் தேறின. இரண்டு பாக்கி.

"போதும் அண்ணாச்சி. ஒங்க பேனாவ தாங்க."

"மை பட்டா தள்ளிருவானுவ, பிள்ளே. இந்த ரெண்டு பக்கத்த அப்படியே விடு. இல்லன்னா இப்ப அடிச்ச மூணையும் எடுத்துட்டுப் பழச வைய்யி. பரிசு ஒனக்குத்தான்."

"எனக்கில்ல. ரெண்டாயிரம் எண்ணினவ எவளோ, அவளுக்கு. அவள எனக்குத் தெரியாது."

பேனாவைக் கொடுத்தேன். என் எண்ணை ஒற்றைக் கோட்டால் அடித்து, மேலே தன் எண்ணை எழுதினாள். முதல் பிரதியிலும் இரண்டாவதிலும் கை நிதானமாக இருந்தது. மூன்றாவதில் கோடு கொஞ்சம் வளைந்தது. உறையை ஒட்டினாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். என் ஓட்டத்துக்கு வடசேரிச் சந்தையே ஒதுங்கி வழிவிட்டது என்றால் நீங்கள் நம்பவேண்டாம். பஸ்ஸைப் பிடித்தது அவள்தான்.

ஜூன் முதல் வாரம் சென்னையிலிருந்து ஓர் உறை வந்தது. அண்ணன் கையில் சிக்கக்கூடாதென்று எங்கள் ஆபீஸ் விலாசம் கொடுத்திருந்தாள். கனமும் இல்லை, மெலிவும் இல்லை. வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. வக்கீலிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்தேன்.

சுசீந்திரத்தில் அப்போதுதான் நாற்று நட்டிருந்தார்கள். வரப்பில் நேசபாய் ஒருக்களித்துப் படுத்து, தோள்வரை வலது கையை ஒரு வளைக்குள் விட்டிருந்தாள். கன்னத்தில் சேறு. பக்கத்தில் நோட்டு திறந்து கிடந்தது. உறையைக் காட்டினேன். அவள் கையை எடுக்கவில்லை.

"பிரிங்க அண்ணாச்சி."

"நானா?"

"என் கை உள்ள கிடக்குல்லா. பிரிச்சு வாசிங்க. அதுல என்ன இருக்கோ, அத மட்டும்."

உறையின் ஓரத்தைக் கிழித்தேன். நாலாய் மடித்த ஒற்றைத் தாள். கடல் பக்கத்துக் காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணாடியை மூக்கில் ஏற்றி, ஒரு சொல்லும் கூட்டாமல் முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மண்ணுக்குள் அவள் விரல்களை ஏதோ கவ்வியிருக்க வேண்டும். முகம் ஒருதரம் சுளித்தது. கையை அவள் வெளியே எடுக்கவில்லை.