பன்னிரண்டு ஆம்பியர்

சலவைக்கடைச் சுவர் எரிந்து, கடைக்காரரின் இரண்டு கைகளும் வெந்துபோன மறுநாள், மின் ஆய்வாளர் எங்கள் பட்டறைக்கு வந்தார். அந்தக் கடையின் வெந்நீர்த் தொட்டிக்கு ஹீட்டர் சுருள் செய்தவன் நான். வயரிங் செய்தவன் என் தம்பி. இரண்டில் ஒன்றில்தான் பிழை. வயரிங்கில் என்றால் தம்பியின் லைசென்ஸ் போய்விடும்.

“சுருளை இங்கேயே, என் கண்ணு முன்னாலேயே சோதிங்க,” என்றேன். “எங்க அப்பா காலத்துல இருந்து இங்கேயிருந்து தப்பான சாமான் ஒண்ணு வெளிய போனதில்ல.”

தண்ணீர் வாளியில் சுருளை இறக்கி, மீட்டர்களை மாட்டினார். இருநூறு வோல்ட், பத்து ஆம்பியர். வகுத்தால் மின்தடை இருபது ஓம். பெருக்கினால் இரண்டாயிரம் வாட். சுருளில் நான் பொறித்திருந்ததும் இரண்டாயிரம்தான்.

“சுருள் சரி. வயர்லதான் கோளாறு,” என்ற ஆய்வாளர் தம்பி பக்கம் திரும்பினார். “ஏம்பா, வயர் போட்டியா, இல்ல துணி காயப்போடற கொடியை இழுத்துக் கட்டினியா?”

தம்பி வாளியிலிருந்து சுருளை எடுத்துத் துடைத்து வைத்தான். ‘பொறுப்பில்லாதவன்’ என்று என் பங்குக்கு நானும் சொன்னேன்.

மறுநாள் தம்பியின் கருவிப் பையை எடுக்கச் சலவைக்கடைக்குப் போனேன். அங்கே இணைப்பைத் துண்டித்திருந்தார்கள். ஒட்டினாற்போல் இருந்த தையற்கடைச் சுவரில் வோல்ட் மீட்டரின் முள் இருநூற்று நாற்பதில் நின்றது.

“டிரான்ஸ்ஃபார்மர் பின்னாடியே இருக்கே, எப்பவும் இப்படித்தான்,” என்றார் தையற்காரர்.

நின்ற இடத்திலேயே மனக்கணக்குப் போட்டேன். சுருளின் தடை எங்கே போனாலும் அதே இருபதுதான். அப்படியானால் பன்னிரண்டு ஆம்பியர். இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது வாட். பத்து ஆம்பியருக்கு வயர் போடச் சொல்லித் தம்பிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்ததும் நான்தான். எங்கள் தெரு இருப்பது மின்பாதையின் கடைக்கோடியில். அங்கே இருநூறுக்கு மேல் ஏறாது. அதுவரை என்னிடம் சுருள் வாங்கியவர்கள் எல்லாம் அந்தத் தெருக்காரர்கள். முப்பது வருஷமாக எங்கேயும் இருநூறு என்றே இருந்துவிட்டேன்.

நேரே தம்பி வீட்டுக்குப் போனேன்.

“அங்க இருநூத்தி நாப்பதுடா.”

“தெரியும்ணே. தீப்பிடிச்ச அன்னிக்கே அளந்து பார்த்தேன்.”

“ஏண்டா சொல்லல?”

“அந்த ஆள் முன்னாடி நீங்க தலை குனிஞ்சு நிக்கறதுக்கா?”

“பெரியவர் தலை நிமிந்தே இருக்கட்டும். நாங்க குனிஞ்சு பழகினவங்கதானே,” அவன் மனைவி உள்ளேயிருந்து, எனக்குக் கேட்கும்படியே சொன்னாள்.

கணக்கை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மின் அலுவலகத்துக்குப் போனேன். ஆய்வாளர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“என்ன பெரியவரே, தம்பிக்குச் சிபாரிசா?”

வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். காதெல்லாம் சூடாகிவிட்டது எனக்கு.

“எங்க குடும்பத்துல யாரும் யார்கிட்டயும் சிபாரிசுக்கு நின்னதில்ல.”

“ரொம்ப நல்லது. அப்ப, சுருள் சரி, வயர்லதான் கோளாறுன்னு இங்க ஒரு சாட்சிக் கையெழுத்துப் போடுங்க.”

போட்டேன். தாளை வெளியே எடுக்கவே இல்லை.

தம்பி இப்போது ஒரு கிடங்கு வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறான். நான் அந்த வழியாகப் போனால் எழுந்து நிற்பான். அதனால் அந்த வழியாகப் போவதை விட்டுவிட்டேன்.