மாமனார் பதில் சொன்ன வேலை

யுத்த காலத்தில் ஆவடியில் முளைத்த ராணுவ சாமான் கிடங்கில் தாட்சாயிணிக்குக் கிடைத்த வேலை, பெட்டிகளில் அட்டைச் சீட்டு கட்டுவது. அவள் படித்ததோ கணக்கில் பி.ஏ. சைதாப்பேட்டை வாத்தியார் மகள். ஆவடிக்குப் பக்கத்து வெள்ளானூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் ராஜசேகரன் பட்டாளத்தோடு அஸ்ஸாம் பக்கம் போயிருந்தான்.

இந்தக் கூத்துக்கு யாரைக் குற்றம் சொல்வது? வேலை கேட்கப் போன அன்று மாமனார் திருவேங்கடம் துணைக்கு வந்தார். வந்தவர் சும்மா நின்றாரா? பெண் பார்க்க வந்தவர்களிடம் பேசுவது போல, பெரிய குமாஸ்தா ஜம்புலிங்கம் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் முந்திக்கொண்டு பதில் சொன்னார். மருமகள் வாய் திறந்தால் மரியாதைக் குறைவாம்.

“இன்னா வேலைம்மா வோணும்?” என்று கேட்டார் ஜம்புலிங்கம்.

“ரொம்ப அடக்கமான பொண்ணுங்க. நாலு பொம்பளைங்களோட ஒக்காந்து செய்யற வேலையா எதுனா குடுத்தா போதும்” என்று மாமனார் முடித்துவிட்டார்.

பி.ஏ. என்ற பேச்சே எடுக்கவில்லை. ஊரெல்லாம் அதைச் சொல்லித் திரிகிற மனுஷன், அதிகாரி முன்னால் மட்டும் பீற்றிக்கொள்ளக் கூடாது என்று நினைத்துவிட்டார். நல்ல எண்ணம்தான். அதனால் தாட்சாயிணியால் கோபப்படவும் முடியவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து சீட்டு கட்டும் கன்னியம்மாவுக்கு அந்த வேலை சொர்க்கம். வெயிலில் நாற்று நட்ட உடம்பு. இங்கே பாடிக்கொண்டே கட்டுவாள். அவளைப் பார்த்துத் தாட்சாயிணிக்குப் பொறாமையாக இருக்கும்.

கணக்குக் குமாஸ்தா ஒருவர் பட்டாளத்தில் சேர்ந்துவிட, அந்த நாற்காலிக்கு மெட்ரிக் தவறிய ஒருவனைப் போடப் போவதாகப் பேச்சு வந்தது. அன்று சாயங்காலம் மாமனாருக்குச் சோறு போடும்போது சொல்லிவிட்டாள்.

“மாமா, அந்த வேலைய நான் கேக்கப் போறேன்.”

“இப்ப இன்னாம்மா கொறை? சம்பளம் வருது, மேல வெய்யில் படல.”

“தினம் அங்க போய் உக்காந்தா அழுகை வருது மாமா. படிச்சதெல்லாம் உள்ளேயே கெடந்து கொடையுது. அன்னிக்கு நீங்க பதில் சொல்லிட்டீங்க. நான் கேக்க நெனச்சது வேற.”

திருவேங்கடம் பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டார்.

மறுநாள் காலை, அவள் கிளம்புவதற்கு முன்பே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். தாட்சாயிணிக்குப் பகீரென்றது. மறுபடியும் காரியத்தைக் கெடுக்கப் போகிறாரே!

கிடங்கில் ஜம்புலிங்கம் வழக்கப்படி அவளை விட்டுவிட்டு அவரைத்தான் கேட்டார். “இன்னா பெரியவரே, மருமவளுக்கு அந்த வேலை ஒத்துக்கலியா?”

திருவேங்கடம் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். “படிச்சது நான் இல்லீங்க. அவளாண்டயே கேளுங்க” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

வேறு வழியில்லாமல் ஜம்புலிங்கம் அவள் பக்கம் திரும்பினார்.

“கணக்குல பி.ஏ. பாஸ் பண்ணியிருக்கேன் சார். அந்த நாற்காலிய எனக்குக் குடுங்க.”

“பி.ஏ.வா!” மெட்ரிக்கோடு நின்றவர் அவர். “பொம்பளைங்க யாரும் இந்த ரூம்ல ஒக்காந்ததில்லியேம்மா.”

“இன்னிக்கே உக்கார வெச்சுப் பாருங்க சார்.” அவள் தலை குனியவில்லை.

வெளியே மாமனார் கேட் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

“இன்னா சொன்னாரு?”

“ஒரு மாசம் வெச்சுப் பாக்கறாராம் மாமா.”

“அது கெடக்கட்டும். நீ இன்னா சொன்னே?”

அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. தாட்சாயிணி ஒன்று விடாமல் சொன்னாள்.