அஷ்ஃபாக்கின் தண்ணித் துப்பாக்கி

திஞ்சான் வந்துவிட்டால் அஷ்ஃபாக்கைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. யாங்கோன் முழுக்க ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக் கூத்தடிக்கிற திருவிழா அது. லத்தா கடைத்தெருவில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறவனுக்குக் கேட்கவா வேண்டும்? பச்சை, மஞ்சள், ரோஸ் என்று தண்ணித் துப்பாக்கிகள் கலர் கலராகத் தொங்கும், கூட்டம் நடைபாதையை அடைக்கும். இந்த வருஷம் சீனச் சரக்கோடு கறுப்புத் துப்பாக்கிகளாக ஒரு பெட்டி வந்தது. நீளக் குழல், தோளில் மாட்ட வார், பட்டாளத்துச் சாமான்தான், அச்சு அசல். இதைப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் ரோட்டில் நிற்கிறவன் நிஜமென்று நினைத்துச் சுட்டுத் தொலைப்பான் என்று அவன் பெண்டாட்டி ரிஹானா சண்டை போட்டாள். பெட்டியைத் திருப்பி அனுப்பினான், நல்ல பிள்ளையாக. ஒன்றை மட்டும் தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டான்!

அதைக் காரில் போட்டுக்கொண்டுதான் அன்றைக்குப் புறப்பட்டான். எதற்கு? நிஜத் துப்பாக்கி வாங்க.

அவர்கள் பேட்டைத் தலைவர் ஊ சோ லின், ஆட்சியைப் பிடித்திருக்கிற பட்டாளத்துக்கு வேண்டியவர். நம்பிக்கையான ஆட்களுக்கு லைசென்ஸோடு பிஸ்டல் வாங்கித் தருகிறேன், அஷ்ஃபாக், உனக்கும் ஒன்று என்று சொல்லியிருந்தார். திஞ்சான் அன்று மத்தியானம் பெண்டாட்டியோடு வந்து சாப்பிட்டுவிட்டுக் கையோடு வாங்கிப் போகச் சொன்னார். அஷ்ஃபாக்குக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்துக் கடையில் கத்தியைக் காட்டிக் கொள்ளையடித்துப் போன பிறகு அவனுக்குத் தூக்கமே போயிருந்தது. அதுவும் போக, அவன் வளர்ந்த வீடு அப்படி. அவன் வாப்பா காஜா மைதீன் கடைச்சுவரில் இரட்டைக்குழல் துப்பாக்கி மாட்டி வைத்திருந்தவர். யார் ஆட்சிக்கு வந்தாலும் சலாம் போட்டு லைசென்ஸைப் புதுப்பித்துக்கொள்வார். பெருநாளைக்குப் பெருநாள் குடும்பமே அதன் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும். துப்பாக்கி இருக்கிற வீட்டுக்குத்தான் மதிப்பு என்பது அஷ்ஃபாக்குக்குப் பாலோடு ஊட்டியது.

ரிஹானா வளர்ந்தது யாங்கோனிலேயே தின்கன்ஜூனில், ஒரு வாத்தியார் வீட்டில். பக்ரீத்துக்கு ஆடு அறுக்கிற கத்தியைக்கூடப் பள்ளிவாசலில் இரவல் வாங்கி, பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுவார் அவள் வாப்பா. கலவரம் என்று வந்தால் நம்ம வீட்டில் இருக்கிற ஒற்றைக் கத்திதான் நமக்கு எதிரான சாட்சி என்பார். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை ஜுல்ஃபிகர், ரிஹானாவின் தம்பி, பட்டாளம் ஆட்சியைப் பிடித்த வருஷம் எதிர்ப்பு ஊர்வலத்துக்குப் போனான். கூடப் போன சிநேகிதன் கண்முன்னால் குண்டடிபட்டு விழுந்தான். அதன்பிறகு பட்டாளத்தை எதிர்த்துச் சண்டை போட ஜுல்ஃபிகர் காட்டுக்குப் போனவன்தான். அங்கிருந்து எப்போதாவது ஒரு போட்டோ வரும், தோளில் துப்பாக்கியோடு. ரிஹானா அதைப் பார்த்துப் பார்த்துப் பூரிப்பாள். சட்டையில் பட்டாளத்துப் பச்சையைக் கண்டால் போதும், மண்ணோடு மண்ணாப் போங்கடா என்று வாய்க்குள் கரித்துக்கொட்டுவாள்.

ஆக, அந்த வீட்டில் சண்டை எப்படி இருந்திருக்கும்! ஊ சோ லின் கையால் வாங்கினால் ஊரே உங்களை அவங்க ஆளுன்னு சொல்லும், நாளைக்கு என் தம்பிக்கு நீங்களும் எதிரிதான், அதை நீங்க தொட்ட நிமிஷம் நான் என் உம்மா வீட்டுக்குப் போயிடுவேன், திரும்பி வரமாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். அஷ்ஃபாக் வழக்கமாக வாயாடி. அன்றைக்கு நிதானமாகக் கேட்டான்.

"உன் தம்பி கையில இருந்தா அது வீரம். என் கையில இருந்தா மட்டும் பாவமா, புள்ள?"

ரிஹானா பீரோவைப் படாரென்று திறந்தாள். அந்த ஆத்திரத்திலேயே நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு காரில் ஏறினாள். கடைசி நிமிஷம்வரை கூடவே இருந்து தடுப்பது என்று முடிவு.

தெருவெங்கும் பாட்டும் கும்மாளமும். வாலிபப் பிள்ளைகள் காரை மறித்து வாளிவாளியாக ஊற்றினார்கள். அஷ்ஃபாக் விடுவானா? கண்ணாடியை இறக்கிக் கறுப்புத் துப்பாக்கியை வெளியே நீட்டிச் சரமாரியாகப் பதிலடி கொடுத்தான். நாற்பது வயசு ஆள், குஷியில் சீட்டிலேயே துள்ளுகிறான்! ரிஹானா முறைத்துக்கொண்டு வந்தாலும், அவன் முகத்தில் தண்ணீர் வழிவதைப் பார்த்து ஓர் இடத்தில் சிரித்தும் விட்டாள். இந்த ஆளைப் போய் எப்படி விட்டுப் போவது?

முக்கு திரும்பினால் பட்டாளத்துச் செக்கிங். மணல்மூட்டை, முள்கம்பி. மேலதிகாரிகள் எதிரே லபே கடை நிழலில் டீ குடித்துக்கொண்டிருக்க, வெயிலில் ஒரே ஒரு சிப்பாய். அஷ்ஃபாக் அவசரமாக பிரேக் போட்டு, ரிஹானா பக்கம் குனிந்து டேஷ்போர்டில் அடையாள அட்டையைத் தேடினான். இடது கை தேடுகிறது, வலது கையில் அந்தக் கறுப்புச் சனியன் இன்னும் ஜன்னலுக்கு வெளியே நீண்டிருக்கிறது! சிப்பாய் கிட்டே வந்தான். குழல் நேராக அவன் நெஞ்சுக்கு.

"யம்மா!"

அலறிக்கொண்டு தொப்பென்று தரையில் விழுந்தான் அவன். விழுந்த வேகத்தில் எழுந்து, நிஜத் துப்பாக்கியை அஷ்ஃபாக்கின் நெற்றிக்கு நேரே பிடித்தான். விரல் குதிரையின்மேல். அஷ்ஃபாக் கல்லாகிவிட்டான்.

ரிஹானாவுக்கு மட்டும் காதில் அந்த அலறல்தான் நின்றது. பர்மாக்காரப் பிள்ளை என்றால் அமேலே என்றல்லவா கத்தும்? உயிர் போகிற நேரத்தில் யம்மா என்கிறானே, யா அல்லா, இது நம்ம பிள்ளை!

"தம்பி," என்றாள் தமிழில், மெதுவாக. "சுட்டுடாதே ராசா. அது வெறும் தண்ணி."

அவன் கண் அவள் பக்கம் திரும்பியது. அஷ்ஃபாக்கின் விரல் தன்னை அறியாமல் அழுத்த, குழலிலிருந்து பிசுக்கென்று தண்ணீர் பீய்ச்சி அவன் பூட்ஸில் விழுந்தது. அதைப் பார்த்தான். துப்பாக்கி மெல்லத் தாழ்ந்தது. லபே கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு அது ஒரு திருவிழா வேடிக்கை.

இருபது வயசு இருந்தால் அதிகம். அட்டைகளைச் சரிபார்க்கிற சாக்கில் குனிந்து, தத்தித் தத்தித் தமிழில் பேசினான். பேர் மோகன், ஊர் கியாக்தான். யாங்கோன் பஸ்ஸில் வந்தவனை இறக்கிப் பிடித்துக்கொண்டு போய்ப் பட்டாளத்தில் சேர்த்துவிட்டார்கள். அம்மா காய்கறிக் கடை வைத்திருக்கிறாள்.

"விரல் குதிரை மேல போயிருச்சு அக்கா. இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தா..." என்றவன் அதை முடிக்கவில்லை. அம்மாவுக்கு ஒரு போன் போட்டு நான் நல்லாயிருக்கேன்னு சொல்லுங்க என்று நம்பரைச் சொல்லி, அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தான். அதற்குள் லபே கடையிலிருந்து ஒரு அதட்டல் வர, விறைப்பாகிப் பின்னால் நகர்ந்துவிட்டான்.

நேரே போனால் ஊ சோ லின் வீடு. அஷ்ஃபாக் வண்டியை வந்த வழியே திருப்பினான். கொஞ்ச தூரம் போய் ஒரு மரத்தடியில் நிறுத்தி, தலைவருக்குப் போன் போட்டான். எனக்குக் கை நடுங்குகிற வியாதி சயாஜீ, பிஸ்டலெல்லாம் தாங்காது, மன்னிக்கணும் என்றான். எதிர்முனையில் அவர் சத்தம் போடுவது ரிஹானாவுக்கே கேட்டது. இனிமேல் பேட்டையில் கடை நடத்துவது லேசில்லை என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் அவளுக்கு அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்த வேண்டும்போல அத்தனை சந்தோஷமாக இருந்தது. பொய்யுமில்லை, அவன் கை நிஜமாகவே நடுங்கிக்கொண்டிருந்தது.

கியாக்தான் நம்பரை அவள்தான் அழுத்தினாள். ஸ்பீக்கரில் அந்தத் தாய் மகன் பேரைக் கேட்டதும் அழுதாள், சிரித்தாள், சாப்பிட்டானா என்றாள், இளைத்துவிட்டானா என்றாள். ரிஹானா எல்லாவற்றுக்கும் நல்லதாகவே சொல்லி வந்தாள். கடைசியில் அந்தத் தாயின் குரல் தணிந்தது.

"அவன் கையில துப்பாக்கி குடுத்திருக்காங்களாம்மா? பாத்தீங்களா?"

ரிஹானா போனைக் கையால் பொத்திக்கொண்டாள். பச்சைச் சட்டைக்காரன் ஒவ்வொருவனுக்கும் அவள் கொடுத்த சாபமெல்லாம் இந்தத் தாயின் மகன்மேலும்தான் விழுந்திருந்தது. அஷ்ஃபாக் கையை நீட்டிப் போனை வாங்கினான்.

"பாத்தேம்மா," என்றான். "தண்ணித் துப்பாக்கி. பச்சைக் கலரு. உங்க மகன் என்னைத் தலையோட காலு நனைச்சுட்டான்."